ரீப்ரோ ஏ-2 வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தோலா, கட்டிங்கா?

செம்பழுப்பு:

ரீப்ரோ ஃப்ளைட் ஜாக்கெட், அதாவது பழைய விமானி ஜாக்கெட்டின் புது நகல், பற்றி யார் பேச்சை எடுத்தாலும் கடைசியில் தோலில்தான் போய் நிற்கிறது. ஜப்பானின் ஷின்கி பதனிடும் ஆலையின் குதிரைத்தோலா, சிகாகோவின் ஹார்வீன் ஆலையுடையதா, தாவரப் பதனிடலா, குரோம் பதனிடலா என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. எனக்கும் நல்ல தோல் பிடிக்கும். ஆனால் ஒரு ஏ-2வை ஏ-2 ஆக்குவது அதன் கட்டிங். தோல் அதற்கு அடுத்துதான்.

அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு 1931 மே மாதம் ஏ-2 என்ற தோல் ஜாக்கெட்டை ஏற்றுக்கொண்டது. 1943 வரை வாங்கியது. விதிமுறை ஒன்றுதான்: முன்புறம் கீழே மூடியுள்ள இரண்டு பாக்கெட், தோளில் பட்டை, முன்னால் ஜிப், கையிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல், முதுகு முழுவதும் ஒரே துண்டுத் தோல். ஆனால் தைத்தவர்கள் பலர். நியூயார்க் மாநிலத்தின் பீக்கனில் ஏரோ லெதர், பென்சில்வேனியாவின் மிடில்டவுனில் ரஃப் வேர், சிகாகோவில் டுபோ, நியூபர்கில் பெர்ரி. ஒவ்வொருவரும் தனித்தனி அரசு ஒப்பந்தத்தில், தங்கள் பட்டறையின் பேட்டர்னில் (வெட்டுவதற்கான அச்சு வரைபடத்தில்) வெட்டினார்கள். அதனால் ஒன்றில் காலர் முனை நீளும், இன்னொன்றில் உருண்டு சுருங்கும். பாக்கெட் மூடியின் வளைவு மாறும். காலருக்கு அடியில் தனித் தாங்குபட்டை சிலவற்றில் உண்டு, சிலவற்றில் கிடையாது. இந்த வேறுபாடுகளை விட்டுவிட்டு விலையுயர்ந்த குதிரைத்தோலில் பொதுவான ஒரு ஜாக்கெட்டைத் தைத்து அதற்குப் பழைய லேபிளை ஒட்டினால், எனக்கு அது ஏ-2 ஆகத் தெரியாது.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழைய ஜிப்:

பாதி உடன்படுகிறேன், பாதி இல்லை. நீங்கள் சொன்ன அதே பேட்டர்னைக் கனமான தோலில் வெட்டிப் பாருங்கள். காலர் மடங்காது, முழங்கையில் தோல் மடிப்பு விழாது, ஜாக்கெட் ஆளைச் சுமப்பது போல் நிற்கும். ஒரிஜினல் ஏ-2வைக் கையில் எடுத்துப் பார்க்கும் புதியவர்கள் முதலில் ஆச்சரியப்படுவது அது எவ்வளவு மெல்லியது என்பதைப் பார்த்துத்தான். ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டின் கனத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்காகச் சில தயாரிப்பாளர்கள் தடிமனைக் கூட்டிவிடுகிறார்கள். கேட்பவர்கள் இருப்பதால் செய்கிறார்கள், அது புரிகிறது. ஆனால் அந்தக் கனமே கட்டிங்கைக் கெடுத்துவிடுகிறது.

ஆகவே தோல் இரண்டாம் பட்சம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தத் தோல் என்பதைவிட எவ்வளவு தடிமன், எவ்வளவு இளக்கம் என்று கேட்க வேண்டும் என்பேன்.

தையல்மேசை:

நான் பேட்டர்ன் வெட்டும் தொழிலில் இருப்பவள். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஏ-2வின் ரகசியம் ஆர்ம்ஹோலில், அதாவது கைப்பகுதி உடலோடு இணையும் துளையில் இருக்கிறது. நல்ல ஒப்பந்தங்களில் அது சிறியது, அக்குளுக்கு மிக அருகில் உயரமாக ஏறியிருக்கும். அப்படி இருந்தால் கையைத் தூக்கும்போது கை மட்டும் தூக்கும், உடல் பகுதி இடுப்பிலேயே உட்கார்ந்திருக்கும். ஆர்ம்ஹோலைக் கீழே இறக்கிப் பெரிதாக வெட்டினால் போட்டுக் கழற்றுவது எளிதாகத் தோன்றும். ஆனால் கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் மார்புக்கு ஏறிவரும். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: தளர்ந்த ஆர்ம்ஹோல்தான் வசதி என்று நினைக்கிறார்கள். விமானி உட்கார்ந்தபடியே கையை முன்னால் நீட்டி வேலை செய்கிறவர். அவருக்கு உயர்ந்த ஆர்ம்ஹோல்தான் வசதி.

முதுகு ஒரே துண்டு என்று செம்பழுப்பு சொன்னது முக்கியமானது. நடுவில் தையல் இல்லை என்றால் பெரிய, தழும்பில்லாத தோல் வேண்டும். செலவைக் குறைக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். நடுமுதுகில் தையல் ஓடும் ஒன்றை யாராவது ஏ-2 என்று விற்றால், மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தையல் நெருக்கத்தையும் பாருங்கள். நெருக்கமான தையல் நேர்த்தியானது என்பது துணிக்குத்தான் பொருந்தும். தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. ஓட்டைகள் நெருங்கினால் அந்தக் கோட்டிலேயே தோல் கிழியும், தபால்தலைத் தாளைக் கிழிப்பது போல.

புதுவரவு:

அக்கா, அருமையான விளக்கம். எனக்கு ஒரு சந்தேகம். நண்பர் ஒருவரின் ரீப்ரோ ஏ-2வைப் போட்டுப் பார்த்தேன். தோள் சரியாக இருந்தது, மார்பும் சரி. ஆனால் நீளம் மிகக் குறைவு, குனிந்தால் சட்டை வெளியே வருகிறது. ஒரு அளவு கூட்டி வாங்கினால் சரியாகுமா?

செம்பழுப்பு:

தம்பி, கூட்டாதீர்கள். தோள் கீழே விழும், மார்பு பொதபொதவென்று ஆகும், நீளமோ அரை அங்குலம்தான் கூடும்.

அந்தக் காலத்தில் கால்சட்டையைத் தொப்புள் உயரத்தில் போட்டார்கள். ஏ-2வின் இடுப்புப் பின்னல் அந்தக் கால்சட்டையின் மேல் விளிம்பில் உட்காரும்படி வெட்டப்பட்டது. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நீண்ட ஜாக்கெட் வயிற்றில் சுருண்டு தொல்லை தரும். நடுத்தர அளவுகளில் முதுகு நீளம் 24, 25 அங்குலம்தான் இருக்கும். இன்றைய கால்சட்டை இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கிவிட்டது. இடையில் தெரியும் இடைவெளிக்கு ஜாக்கெட்டைக் குறை சொல்ல முடியாது. உயர இடுப்புக் கால்சட்டை ஒன்றோடு போட்டுப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். உங்கள் உடல்வாகே நீளமானது என்றால் தயாரிப்பாளரிடம் ஒரு அங்குலம் நீளம் மட்டும் கூட்டச் சொல்லலாம். சிலர் செய்து தருவார்கள்.

பழைய ஜிப்:

நீளம் கூட்டினால் அது துல்லியமான நகல் இல்லையே?

செம்பழுப்பு:

அருங்காட்சியகத்தில் வைக்க வாங்கினால் இல்லை. போட்டுக்கொள்ள வாங்கினால் ஒரு அங்குலம் கூடியதை நான் குற்றமாகப் பார்க்க மாட்டேன். ஆர்ம்ஹோலையும் காலரையும் மாற்றாதவரை பேட்டர்னின் முகம் அப்படியே இருக்கும்.

நைலான்காரன்:

இழை முழுக்க ஏ-2வாக இருக்கிறது. நைலானுக்காகக் கொஞ்சம் இடம் கேட்கிறேன், ஏனென்றால் கட்டிங் பற்றிய இதே வாதம் அங்கே இன்னும் வலுவாக நிற்கிறது.

தோலிலிருந்து விலகியது தற்செயல் இல்லை. 1943இல் பி-10 துணி ஜாக்கெட் வந்தது. அதற்குப் பின் பி-15, பிறகு 1950களில் நைலான் எம்ஏ-1. விமானம் உயரப் பறக்கத் தொடங்கியதும் தோலில் ஏறிய ஈரம் உறைந்து விறைத்தது. ஜெட் விமானத்தின் விமானி அறையும் குறுகியது. பி-15இல் இருந்த ரோமக் காலர் பாராசூட் வார்களுக்கு இடைஞ்சலாக இருந்ததால் எம்ஏ-1இல் அது பின்னல் காலராக மாறியது. உள்ளே ஆரஞ்சு நிறம் வந்ததும் காரணத்தோடுதான். கீழே விழுந்த விமானி ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டால் தேடுபவர் கண்ணில் படுவார். முதல் எம்ஏ-1களில் அந்த ஆரஞ்சு கிடையாது, வெளியே உள்ள பச்சையேதான் உள்ளேயும் இருந்தது. அது 1960 வாக்கில்தான் மாறியது.

இன்று துணிக்கடைகளில் எம்ஏ-1 என்று தொங்குபவற்றில் பெரும்பாலானவை மெலிந்து நீண்டு சட்டை போல் ஆகிவிட்டன. பழையது குட்டையானது, உடல் அகலமானது, இடுப்பில் பின்னல் இறுக்கிப் பிடிப்பதால் மேலே உப்பி நிற்கும். அந்த உப்பல்தான் எம்ஏ-1. பஸ் ரிக்சன்ஸ், ரியல் மெக்காய்ஸ் போன்ற ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் அந்த உருவத்தை விடாமல் பிடித்திருக்கிறார்கள். நைலான் நெசவு, கம்பளி உள்ளடக்கம், பழைய கிரவுன் ஜிப்பின் பல் வடிவம் வரை திரும்பச் செய்கிறார்கள். நெஞ்சில் ஆக்சிஜன் முகமூடிக் குழாயைக் கவ்வ வைத்த சிறு தோல் நாக்கு இருக்கும் பாருங்கள், அதன் இடம் அரை அங்குலம் மாறினாலும் எனக்குக் கண்ணில் உறுத்தும்.

வானோடி:

ஒரு அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஒரிஜினலே கிடைக்கும்போது ரீப்ரோ எதற்கு? நான் ஒரிஜினல் சேகரிப்பவன், ஆகவே நானே பதிலும் சொல்கிறேன்: ஒரிஜினலைப் போட்டுக்கொண்டு நடமாடக் கூடாது என்பதற்காக.

80 ஆண்டுகளைத் தாண்டிய தோல் அது. தாவரப் பதனிட்ட தோலில் காலப்போக்கில் அமிலம் சேர்ந்து செந்தூளாகப் பொடியும். மேலே பளபளப்பாகத் தெரியும் ஜாக்கெட்டின் தோளைத் தடவினால் விரலில் சிவப்பாக ஒட்டும். அது வந்த பிறகு மீட்க வழியில்லை, மெதுவாக்கத்தான் முடியும். பி-3 செம்மறித்தோல் ஜாக்கெட்டின் நிலை இன்னும் மோசம். குளிர்காப்பில்லாத குண்டுவீச்சு விமானங்களுக்காக 1934இல் வந்தது அது. ரோமம் உள்ளே, தோல் வெளியே, அந்தத் தோலின் மேல் பழுப்புப் பூச்சு. பூச்சு வெடித்து உதிரும், அடியில் உள்ள செம்மறித்தோல் தாள் போலக் கிழியும். ஒருவர் ஆசையாகக் கையை நுழைத்துப் பார்த்ததில் தோள் தையல் முழுவதும் பிரிந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன். யுத்தத்தைத் தாண்டி வந்த பொருள், ஒரு மாலை நேர ஆசையில் போய்விட்டது.

நல்ல ரீப்ரோ இருப்பதால்தான் நான் என் ஒரிஜினல்களை அலமாரியில் தட்டையாகப் படுக்க வைக்க முடிகிறது. ரீப்ரோ செய்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பலர் கந்தலான ஒரிஜினல்களை வாங்கித் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தாளில் வரைந்து பேட்டர்ன் எடுத்தவர்கள்.

தையல்மேசை:

பிரிட்டனின் இர்வின் ஜாக்கெட்டையும் இங்கே சேர்க்க வேண்டும். லெஸ்லி இர்வின் பாராசூட் செய்தவர், அவருடைய லெட்ச்வொர்த் நிறுவனத்தின் ஜாக்கெட் அது. முதலில் வந்தவை பெரிய துண்டுகளால் ஆனவை. யுத்தம் நீண்டபோது தோலை மிச்சப்படுத்தச் சிறு சிறு துண்டுகளை இணைத்துத் தைத்தார்கள். ரீப்ரோ வாங்கும்போது எந்தக் காலத்து இர்வின் என்று கேளுங்கள். நிறையத் தையல் ஓடுகிறது என்பதற்காக மட்டமான வேலை என்று எண்ணிவிடாதீர்கள். யுத்தத்தின் பிற்பகுதி நகல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஏ-2வின் முதுகுக்கு நான் மேலே சொன்னதை இதற்குப் பொருத்தக் கூடாது.

பழைய ஜிப்:

வானோடி ஐயா சொன்னதிலிருந்து ஒரு கவலையைத் தொடுகிறேன். நகல் மிக நன்றாக வந்துவிட்டதால் அதை ஒரிஜினல் என்று விற்பவர்களும் வந்துவிட்டார்கள். தயாரிப்பாளர் பெயர் உள்ள லேபிளைப் பிரித்துவிட்டு, யுத்தகால ஒப்பந்த எண் உள்ள லேபிளை மட்டும் விட்டுவிடுவது, உப்புத்தாளால் தேய்ப்பது, பின்னலில் ஓட்டை போடுவது. இந்தக் காரணத்தினாலேயே புதிதாகவே பழசாக்கி வரும் ஜாக்கெட்டுகளை நான் ஆதரிக்க முடியவில்லை.

நைலான்காரன்:

இரண்டும் வேறு. ஏமாற்றி விற்பது குற்றம். பழசாக்கிய தோற்றம் பிடித்து, அதை அப்படியே சொல்லி வாங்கிப் போடுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. முழங்கை மடிப்பு விழக் காத்திருக்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது.

செம்பழுப்பு:

குற்றமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்வைக்கே பொருந்துவதில்லை என்பேன். தேய்மானம் ஒவ்வொரு உடலிலும் ஒவ்வொரு இடத்தில் விழுகிறது. எந்தக் கை பாக்கெட் மூடியைத் தூக்குகிறது, எந்தத் தோளில் பை தொங்குகிறது, உட்காரும்போது எங்கே மடிகிறது என்பதையெல்லாம் பொறுத்து அது வரும். பட்டறையில் தேய்க்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, எல்லா விளிம்பிலும் ஒரே அளவு தேய்கிறது. அது யாருடைய உடலின் தேய்மானமும் அல்ல. புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருங்கள். குதிரைத்தோல் ஆரம்பத்தில் விறைப்பாக இருந்து எரிச்சல் தரும். பிறகு சட்டென்று ஒரு நாள் முழங்கையில் இளகும். அந்த மாற்றத்துக்காகத்தான் நான் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன்.

புதுவரவு:

பேட்ச் பற்றி? நான் பார்த்து வைத்திருக்கும் ஒன்றில் முதுகில் சீனக் கொடியோடு துணி தைத்திருக்கிறது. பார்க்க மிக அழகாக இருக்கிறது.

வானோடி:

தம்பி, அந்தத் துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். சீனாவுக்கு உதவிப் போரிட வந்த அந்நியர் இவர், படைவீரரும் பொதுமக்களும் இவரைக் காப்பாற்ற வேண்டும் என்று சீனத்தில் எழுதியிருக்கும். சுட்டு வீழ்த்தப்பட்டு மொழி தெரியாத கிராமத்தில் விழுந்தவனின் உயிர் அந்தத் துணியில் இருந்தது. பறக்கும் புலிகள் என்று பெயர் பெற்ற அமெரிக்கத் தன்னார்வப் படையால் புகழ்பெற்றது. அந்தப் படை 1942 ஜூலை 4 அன்று கலைக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய ஒப்பந்த எண் கொண்ட ஏ-2வில் அந்தப் படையின் முத்திரைகளை ஒட்டி விற்பதை அடிக்கடிப் பார்க்கிறேன். அங்கேயே தொடர்ந்து வேறு படைப்பிரிவில் பறந்தவர்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் விற்பவர் அவ்வளவு யோசித்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

என்னை இன்னும் சங்கடப்படுத்துவது முதுகில் வரையும் குண்டுகள். ஒரு குண்டுக்கு ஒரு பறப்பு. இங்கிலாந்தில் இருந்த எட்டாவது விமானப் படையில் 1943இல் 25 பறப்புகள் முடித்தால் வீடு திரும்பலாம். 1944இல் அதை 30 ஆக்கினார்கள், பிறகு 35. அந்த எண்ணிக்கையை எட்டாமல் போனவர்கள் ஏராளம். ஒருவர் ஒவ்வொரு முறையும் உயிரோடு திரும்பி வந்து ஒரு குண்டு வரையச் சொன்னார். அதே வரிசையைப் பட்டறையில் ஒரே மதியத்தில் வரைந்து போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நைலான்காரன்:

ஐயா, ஒரு குறிப்பிட்ட விமானியின் ஜாக்கெட்டை அப்படியே நகலெடுப்பது அவரை நினைவுகூர்வதும் ஆகும் அல்லவா? குடும்பத்தார் கேட்டுச் செய்யச் சொல்வதும் உண்டு.

வானோடி:

குடும்பத்தார் செய்தால் அது அவர்கள் உரிமை, நான் வாய் திறக்க மாட்டேன். கண்காட்சிக்குச் செய்து, யாருடையது என்று பக்கத்தில் எழுதி வைத்தாலும் சரி. கடைத்தெருவில் போட்டுக்கொண்டு போகும்போது அந்த எழுத்து பக்கத்தில் வராதே.

தையல்மேசை:

என் பங்குக்கு: பெயர்ப்பட்டையில் உங்கள் பெயரையே போடுங்கள். படைப்பிரிவு முத்திரையும் விமானிச் சிறகும் வேண்டாம். வெறும் ஏ-2வே போதுமான அழகு. பேட்ச் இல்லாமல் இருந்தால்தான் கட்டிங் கண்ணுக்குத் தெரியும்.

பழைய ஜிப்:

பேட்ச் விஷயத்தில் ஐயா பக்கம் நான். இனி என் பெயருக்கு ஏற்ற வேலை. ரீப்ரோ ஜாக்கெட் முதலில் கெட்டுப்போவது ஜிப்பில்தான். யுத்தகால டாலன் ஜிப்பின் நகல்களும், விற்காமல் கிடந்த பழைய ஜிப்களும் அடிப்பெட்டியில், அதாவது ஜிப்பின் அடியில் ஊசி நுழையும் சிறு பெட்டியில், பலவீனமானவை. ஊசியை அடிவரை முழுவதும் இறக்கிவிட்டு, இடுப்புப் பின்னலை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் இழுக்க வேண்டும். பின்னலின் இழுவிசையோடு சண்டை போட்டுக்கொண்டு ஏற்றினால் அடிப்பெட்டி பிய்ந்துவிடும். உட்காரும்போது ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

தோலுக்கு எண்ணெய் நிறையத் தேய்க்காதீர்கள். நிறம் அடர்ந்து, தோல் தொளதொளத்துவிடும். ஈரமானால் அகலமான தோள்தாங்கியில் மாட்டி நிழலில் உலர விடுங்கள், அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். பின்னல் கம்பளி என்பதால் பூச்சி அரிக்கும். அரித்தால் கவலை வேண்டாம், பின்னலை மாற்றலாம். யுத்த காலத்திலேயே கிடங்குகளில் பின்னலும் லைனிங்கும் மாற்றியிருக்கிறார்கள்.

புதுவரவு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வெறும் ஏ-2, அடர்பழுப்பு என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: அளவு அனுப்பச் சொல்கிறார்கள். எதை அளந்து அனுப்புவது? குதிரைத்தோலா, வெள்ளாட்டுத்தோலா என்றும் கேட்கிறார்கள்.

தையல்மேசை:

உடம்பை மட்டும் அளந்து அனுப்பாதீர்கள். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஜாக்கெட் ஒன்றை மேசையில் தட்டையாக விரித்து, ஜிப்பை மூடி அளவெடுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள், தோள் தையலிலிருந்து தோள் தையல், காலர் தையலிலிருந்து இடுப்புப் பின்னலின் அடிவரை, தோள் தையலிலிருந்து கைப்பின்னலின் நுனிவரை. தோல் ஜாக்கெட்டுக்கு உங்கள் மார்புச் சுற்றளவைவிட 4 அங்குலம் கூடுதலாக இருந்தால் உள்ளே ஒரு சட்டை போடலாம். தடித்த ஸ்வெட்டர் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோள் தையல் தோளெலும்பின் முனையில் உட்கார வேண்டும், அதை மட்டும் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது.

செம்பழுப்பு:

தோலைப் பொறுத்தவரை, பிந்தைய ஒப்பந்தங்களில் வெள்ளாட்டுத்தோல் ஏ-2களும் வந்திருக்கின்றன. 1988இல் அமெரிக்க விமானப் படை ஏ-2வைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் வெள்ளாட்டுத்தோலில்தான் செய்தது. முதல் நாளிலிருந்தே இளக்கமாக இருக்கும், குறுமணி போன்ற மேற்பரப்பு கீறலை மறைக்கும். விறைப்பைப் பொறுத்துக்கொண்டு அதைப் பழக்கும் ஆசை இருந்தால் குதிரைத்தோல். நீங்கள் தேர்ந்தெடுத்த ஒப்பந்த எண்ணின் ஒரிஜினல் எந்தத் தோலில் வந்தது என்று தயாரிப்பாளரிடமே கேளுங்கள். நல்லவர்கள் விரிவாகப் பதில் எழுதுவார்கள். அந்தப் பதில் வரும் விதத்திலேயே அவர் பேட்டர்னை எவ்வளவு கவனித்திருக்கிறார் என்றும் தெரிந்துவிடும். அளவுகளை அனுப்பும் முன் இங்கே போடுங்கள், அக்காவும் நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறோம்.